நூறு மார்க் தாளில் நாம் பார்த்த அம்மையார்

1990களில் ஜேர்மனியில் குடியேறிய நம் பழைய மாணவியருக்கு அந்த முகம் நன்கு தெரியும். நூறு மார்க் தாளின் முன்பக்கத்தில் ஓர் இளம்பெண், பின்பக்கத்தில் ஒரு பியானோ. திருகோணமலையில் இருந்த பெற்றோருக்கு அனுப்ப அந்தத் தாள்களை எண்ணி எடுத்து வைத்தோமே தவிர, அவர் யாரென்று நம்மில் அதிகம் பேர் கேட்கவில்லை. பின்னர் யூரோ வந்தது, தாளும் மறைந்தது. அந்த அம்மையார்தான் கிளாரா ஷூமான். காலைக் கூட்டத்தில் பியானோ ஒலி கேட்டு வளர்ந்த நாம், இந்த நூற்றாண்டு மலரில் அவரை நினைப்பது பொருத்தமே.

கிளாரா 1819 செப்டெம்பர் 13ஆம் திகதி லைப்சிக் நகரில் பிறந்தார். நான்கு வயதுவரை பேச்சு வராததால் காது கேளாத பிள்ளையோ என்று வீட்டார் ஐயுற்றனர். பியானோ ஆசிரியரான தகப்பனாரிடம் பயின்ற அதே பிள்ளை ஒன்பது வயதில் மேடையேறியது. இசையமைப்பாளர் றொபேட் ஷூமானை மணக்கத் தகப்பனார் சம்மதிக்காததால் வழக்காடி, 1840இல், தமது 21ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள், திருமணம் செய்துகொண்டார்.

எட்டுப் பிள்ளைகள் பிறந்தனர். கணவர் எழுதும் நேரத்தில் ஓசை எழக்கூடாது என்பதால் கிளாராவின் பியானோ பெரும்பாலும் மூடியே கிடந்தது. பெண்ணுக்கு இசையமைக்கும் ஆற்றல் உண்டா என்று இருபது வயதிலேயே நாட்குறிப்பில் தம்மைத் தாமே ஐயுற்றவர் அவர்.

1849இல் டிரெஸ்டன் நகரில் கலவரம் மூண்டது. கணவரையும் மூத்த மகளையும் அழைத்துக்கொண்டு வெளியேறிய கிளாரா, ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தும், வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளை மீட்க இரவோடிரவாகத் திரும்பிச் சென்றார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடிய நம்மவருக்கு அந்த இரவை விளக்கத் தேவையில்லை.

1853இல் டுசல்டோர்ப் நகரில் வாழ்ந்த வீட்டில், கணவரின் காதுக்கு எட்டாத ஓர் அறை அவருக்கு இருந்தது. பல வருடங்களாக எழுதாதிருந்தவர் அந்தக் கோடையில் மீண்டும் எழுதினார். முதலில் வந்தது, ஜூன் 8இல் கணவரின் பிறந்தநாளுக்குப் பரிசாகத் தந்த பியானோ மாறுபாடுகள். கணவர் இயற்றிய ஒரு சிறு மெட்டை எடுத்து ஏழு விதமாக விரித்திருக்கிறார். ஒரே பல்லவியைச் சங்கதி சங்கதியாக வளர்த்துப் பாடுவது போன்றது இது. சோகமான அந்த மெட்டு வேகமெடுக்கிறது, தயங்குகிறது, கடைசியில் சாந்தமாக முடிகிறது. முடிவுக்குச் சற்று முன் இன்னொரு மெட்டும் மெல்லத் தலைகாட்டுகிறது. அது கிளாரா சிறு பெண்ணாக இருந்தபோது வெளியிட்ட ஒரு படைப்பின் மெட்டு. கணவருக்குத் தந்த பரிசில் தம்மையும் ஓர் ஓரத்தில் வைத்துவிட்டார்.

அடுத்த பெப்ரவரியில் மனநோயுற்ற றொபேட் ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றப்பட்டு மருத்துவமனையில் இரண்டு வருடங்களுக்கு மேல் இருந்தார். கிளாரா அவரைப் பார்க்க முடிந்தது 1856 ஜூலையில், அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்புதான். இதற்கிடையில் இளைஞர் பிராம்ஸ் அதே மெட்டில் தாமும் மாறுபாடுகள் எழுதிக் கிளாராவுக்குக் காணிக்கையாக்கினார்.

ஏழு பிள்ளைகளுடன் விதவையான அவர் ஐரோப்பா முழுவதும் கச்சேரி செய்து குடும்பத்தைத் தாங்கினார். 1878 முதல் பிராங்பேர்ட் இசைப்பள்ளியில் கற்பித்தார். நான்கு பிள்ளைகளைத் தமக்கு முன்னே பறிகொடுத்து, 1896 மே 20இல் காலமானார். விரல்கள் ஓயவில்லை. ஆனால் இசையமைப்பது மட்டும் அநேகமாக அந்த 1853ஆம் ஆண்டுடனேயே நின்றுபோயிற்று.

நம்மிலும் கலியாணத்தோடு வீணையை உறையிலிட்டவர்கள், இடப்பெயர்வோடு பாட்டை விட்டவர்கள் எத்தனையோ பேர். கிளாராவுக்கு ஓர் அறை கிடைத்த ஒரு கோடையில் என்ன பிறந்தது என்பதைப் பார்த்தோம். விழாவுக்கு வரும் தோழியரில் விரல் பழக்கம் விட்டுப்போகாதவர் எவரேனும் அந்த மாறுபாடுகளை வாசித்துக் காட்டினால், நாமெல்லோரும் கேட்டு மகிழ்வோம். பழக்கம் விட்டுப்போனவர்களும் ஒருமுறை முன்னே வந்து அமரலாம்.