ஒரு துளியில் வலியை நிறுத்தியவர்: கண் வைத்தியர் கார்ல் கோலரின் கதை

மாசி, பங்குனி மாதங்களில் வன்னியில் காலபோக அரிவு வெட்டு நடக்கும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எனக் குளங்களின் கீழுள்ள வயல்களில் வெட்டு மெசின்கள் ஓடும்போது எழும் தூசியில் நெல்லின் சுணையும் பதரும் கலந்திருக்கும். கண்ணுக்குள் ஒரு சுணை விழுந்துவிட்டால் கண்ணைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. வைத்தியசாலைக்குப் போனால் வைத்தியர் முதலில் ஒரு துளி மருந்து விடுவார். சில நொடிகள் எரியும். அரை நிமிடத்துக்குள் நோவு நின்றுவிடும். பிறகு அவர் இமையை விரித்து, ஊசிமுனையால் அந்தத் துரும்பை எடுத்துப் போடுவார். எடுப்பது தெரியும், நோவது தெரியாது.

அந்தத் துளி வைத்தியத்துக்குள் வந்தது 1884 செப்டெம்பரில். அதைக் கொண்டுவந்தவர் வியன்னா பொது வைத்தியசாலையில் வேலை செய்த, கையில் பணமில்லாத 26 வயது வைத்தியர் ஒருவர். அவர் பெயர் கார்ல் கோலர்.

மரத்துப்போக வைக்கும் மருந்தின் அருமையை வன்னி மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைகளில் மயக்க மருந்து போதாமல் சத்திரசிகிச்சைகள் செய்யப்பட்டன. அங்கே நின்ற வைத்தியர்கள் அதைப் பின்னர் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகம் முழுவதிலும் நோயாளிகளின் நிலை அதுதான். 1846இல் ஈதரும் 1847இல் குளோரபோமும் வந்தபின் கை, கால், வயிற்றுச் சத்திரசிகிச்சைகள் மாறின. கண் சத்திரசிகிச்சை மட்டும் பெரிதாக மாறவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. ஈதரோ குளோரபோமோ கொடுத்து எழுப்பிய நோயாளி பெரும்பாலும் வாந்தி எடுப்பார், இருமுவார். கண்ணில் போட்ட வெட்டை இன்றுபோல நுண்ணிய தையலால் மூடும் வழி அப்போது இல்லை. ஒரு வாந்தியின் அழுத்தத்திலேயே வெட்டுத் திறந்து, கண்ணின் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். அதோடு, அறுக்கும்போது மேலே பார், கீழே பார் என்று வைத்தியர் சொல்வதை நோயாளி கேட்கவும் வேண்டும். ஆகவே கண்புரை அறுக்க வந்தவர்கள் முழு நினைவோடுதான் கிடந்தார்கள். தலையை ஒருவர் பிடிக்க, கைகளை இன்னொருவர் பிடிக்க, கத்தி விழிக்குள் போனது.

நமது பக்கத்திலும் இதே நிலைதான். மானிப்பாயில் 1848 முதல் வைத்தியம் செய்தும் கற்பித்தும் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், இரண வைத்தியம் என்ற சத்திரசிகிச்சை நூலை 1867இல் தமிழில் கொண்டுவந்தார். மேற்கத்திய வைத்தியத்தைத் தமிழிலேயே படித்த ஒரு தலைமுறையை உருவாக்கியவர் அவர். அவருடைய காலத்தில் கண்ணை மரக்கச் செய்யும் துளி உலகில் எங்குமே இல்லை. 1884 மே மாதம் அவர் அமெரிக்காவில் காலமானார். நான்கு மாதம் கழித்துத்தான் அந்தத் துளி வந்தது.

கோலர் பிறந்தது 1857 டிசெம்பர் 3ஆம் திகதி, பொஹீமியாவில். இன்று அது செக் குடியரசு, அன்று ஒஸ்திரியப் பேரரசு. யூதக் குடும்பம். வியன்னாவில் மருத்துவம் படித்து 1882இல் பட்டம் பெற்றார். மாணவனாக இருக்கும்போதே பேராசிரியர் ஸ்ட்ரிக்கரின் ஆய்வுகூடத்தில் கோழிக் கருவின் வளர்ச்சி பற்றி ஆராய்ந்து பெயர் எடுத்திருந்தார். பல்கலைக்கழகக் கண் வைத்தியப் பிரிவில் உதவியாளராகச் சேருவதே அவருடைய ஆசை. அந்தப் பதவிக்குப் போட்டி அதிகம். ஏதாவது பெரிதாகச் செய்துகாட்டினால்தான் கிடைக்கும்.

கண் வைத்தியப் பேராசிரியர் ஆர்ல்ட்டின் விரிவுரைகளில், கண்ணை மட்டும் மரக்கச் செய்ய ஒரு மருந்து இல்லையே என்ற குறை அவர் மனதில் பதிந்தது. மோர்பின், குளோரல் ஹைட்ரேட், புரோமைட் ஆகியவற்றைக் கரைத்து மிருகங்களின் கண்ணில் விட்டுப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. முயற்சியைக் கைவிட்டார். ஆனால் எதைத் தேடுகிறோம் என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது.

அதே வைத்தியசாலையில் வேலை செய்தவர் சிக்மன்ட் பிராய்ட். பிற்காலத்தில் உளப்பகுப்பாய்வால் உலகப் புகழ் பெற்றவர். 1884இல் அவருக்குக் கொக்கெய்ன் மீது பெரிய ஆர்வம் இருந்தது. கொக்கா இலையிலிருந்து 1860ஆம் ஆண்டளவில் ஜேர்மனியில் பிரித்தெடுக்கப்பட்ட பொருள் அது. களைப்பையும் மனச்சோர்வையும் போக்கும் என்று நம்பி, 1884 ஜூலையில் அதுபற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். உடற்பலத்தில் அது என்ன மாற்றம் செய்கிறது என்று அளந்து பார்க்கக் கோலரையும் சேர்த்துக்கொண்டார். கோடை வந்ததும் பிராய்ட் தனக்கு நிச்சயித்திருந்த பெண்ணைப் பார்க்க வட ஜேர்மனிக்குப் போய்விட்டார்.

கொக்கெய்ன் நாக்கில் பட்டால் நாக்கு மரக்கும். அதைப் பிரித்தெடுத்த ஆட்களே அதை எழுதிவைத்திருந்தார்கள். 24 ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த விடயம். ஒருநாள் சக வைத்தியர் ஒருவர் சிறிதளவு கொக்கெய்னை நாக்கில் வைத்துவிட்டு, நாக்கு விறைக்கிறதே என்றார். எல்லோருக்கும் அப்படித்தான் என்று பதில் சொன்ன அந்தக் கணத்திலேயே, தான் தேடியது தன்னுடைய சட்டைப்பையில் இருக்கிறது என்பது கோலருக்கு உறைத்தது. நாக்கை மரக்கச் செய்வது கண்ணையும் மரக்கச் செய்ய வேண்டும்.

நேரே ஸ்ட்ரிக்கரின் ஆய்வுகூடத்துக்குப் போனார். சிறிது கொக்கெய்னைத் தண்ணீரில் கரைத்து ஒரு தவளையின் கண்ணில் விட்டார். ஒரு நிமிடமளவில் ஊசியால் விழியைத் தொட்டபோது தவளை அசையவில்லை. மருந்து விடாத மற்றக் கண்ணைத் தொட வந்தபோது துள்ளியது. அடுத்து முயலிலும் நாயிலும் செய்து பார்த்தார். கடைசியில் அவரும் அங்கிருந்த கேர்ட்னர் என்ற உதவியாளரும் ஒருவர் கண்ணில் மற்றவர் துளியை விட்டு, கண்ணாடியின் முன் நின்று குண்டூசித் தலையால் தங்கள் விழியைத் தொட்டார்கள். தொட்டது தெரியவில்லை. 1884 செப்டெம்பர் 11ஆம் திகதி ஒரு நோயாளிக்கு அந்தத் துளி விட்டுக் கண் சத்திரசிகிச்சை நடந்தது.

நான்கு நாளில் ஹைடல்பேர்க் நகரில் கண் வைத்தியர்களின் மாநாடு. அங்கே போகக் கோலரிடம் பணம் இல்லை. எழுதிய குறிப்பை திரியெஸ்ட் நகரிலிருந்து வந்த பிரெட்டவர் என்ற வைத்தியரிடம் கொடுத்துவிட்டார். செப்டெம்பர் 15ஆம் திகதி பிரெட்டவர் அதை வாசித்து, செய்தும் காட்டினார். அக்டோபர் மாதமே நியூயோர்க் வைத்தியர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். கண்ணிலிருந்து மூக்கு, தொண்டை, பல், நரம்பு என்று உள்ளூர் மயக்கம் பரவியது. இன்று பல்லுப் பிடுங்கும்போது போடும் ஊசியின் மூலம் அதுதான்.

இவ்வளவு புகழுக்குப் பிறகு அவர் விரும்பிய பதவி கிடைத்திருக்க வேண்டும். 1885 ஜனவரியில் வைத்தியசாலையின் அனுமதிப் பிரிவில் விரலில் காயத்தோடு ஒரு நோயாளி வந்தார். விரலைச் சுற்றி இறுக்கமாகக் கட்டியிருந்த றப்பர் கட்டு இரத்த ஓட்டத்தை நிறுத்தியிருந்தது. கோலர் அதைத் தளர்த்தப் போனார். அங்கே நின்ற சினர் என்ற வைத்தியர் எதிர்த்தார். கோலர் கட்டை வெட்டிவிட்டார். விரல் தப்பியது. சினர் எல்லோர் முன்னிலையிலும் கோலரின் யூதப் பிறப்பைச் சொல்லித் திட்டினார். கோலர் அவருடைய முகத்தில் அறைந்தார்.

இருவரும் இராணுவத்தின் ஒதுக்குப் படை அதிகாரிகள். அந்தக் கால வழக்கப்படி விவகாரம் வாள் சண்டையில் போய் முடிந்தது. சினருக்குத் தலையிலும் கையிலும் வெட்டு விழுந்தது. கோலருக்குக் காயமில்லை. ஆனால் சட்டப்படி அது குற்றம், வழக்கும் வந்தது. கண் வைத்தியப் பிரிவின் கதவு அவருக்குத் திறக்கவேயில்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில் பிராய்டின் தந்தைக்கு கண் அழுத்த நோய்க்காகச் சத்திரசிகிச்சை நடந்தது. துளி விட்டு மரக்கச் செய்தவர் கோலர். அறுத்தவர் கொனிக்ஸ்ரைன். பக்கத்தில் நின்று உதவியவர் பிராய்ட். கொக்கெய்ன் ஆராய்ச்சியில் ஈடுபட்ட மூவரும் ஒரே அறையில் கூடி, ஒரு முதியவரை நோவின்றிக் காத்தார்கள்.

பிறகு கோலர் வியன்னாவை விட்டுப் போனார். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் இரண்டு வருடங்கள் வேலை செய்துவிட்டு, 1888இல் நியூயோர்க் சென்றார். மவுன்ட் சைனாய் வைத்தியசாலையில் கண் வைத்தியராக இருந்தார். 1922இல் அமெரிக்கக் கண் வைத்தியர் சங்கம் தனது ஹோவ் பதக்கத்தை முதன்முதலாக அவருக்கே கொடுத்தது. நோபல் பரிசுக்குப் பலமுறை பெயர் முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை. ஊரைவிட்டு வெளியேறிய பின்னரே மதிப்புக் கிடைத்த மனிதர்களின் கதை நமக்குப் புதிதல்ல.

கோலரின் மருந்துக்கும் குறைகள் இருந்தன. கொக்கெய்ன் விழியின் மேற்தோலை உலர்த்திக் கெடுத்தது. அடிமையாக்கும் பொருளும் அதுவே. நரம்பை மரக்கச் செய்யும் ஊசியாக அதைப் பரிசோதித்த அமெரிக்க சத்திரசிகிச்சையாளர் ஹோல்ஸ்டட் அதற்கு அடிமையானார். ஆகவே வலியை நிறுத்தும் குணம் இருக்க வேண்டும், மற்றவை போக வேண்டும் என்று வேதியியலாளர்கள் தேடினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் ஐன்ஹோர்ன் புரோக்கெயினை உருவாக்கினார். 1943இல் சுவீடனில் லொவ்கிரென் லிக்னோக்கெயினை உருவாக்கினார். சிறுபிள்ளைகளுக்கு ஊசி போடுமுன் தோலில் பூசும் களிம்பில் இருப்பதும் லிக்னோக்கெயின்தான். கண்ணுக்கு ரெட்ராக்கெயின் வந்தது, பிறகு அதைவிடக் குறைவாக எரியும் புரோபராக்கெயின் வந்தது. துளியின் உப்பு அளவும் அமிலத்தன்மையும் கண்ணீருக்கு எவ்வளவு கிட்டவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு எரிவு குறையும். வலியை நிறுத்தும் மருந்தே வலி தரக்கூடாது என்ற வேலை இன்றும் முடியவில்லை.

ஒரு குறையை மட்டும் எந்தப் புது மருந்தாலும் நீக்க முடியவில்லை. விழியின் முன்பக்கத் தோலில் இருப்பதுபோல நெருக்கமான நோவு நரம்புகள் உடலில் வேறெங்கும் இல்லை. தூசி விழுந்தால் இமைக்கச் செய்வதும் கண்ணீர் விடச் செய்வதும் அவைதான். அவற்றைத் திரும்பத் திரும்ப மரக்கச் செய்தால் விழித்தோலின் காயம் ஆறாது. புண் ஆழமாகும், பார்வையே போகலாம். அதனால்தான் அந்தத் துளியை வைத்தியர் தன் கையால் விடுவாரே தவிர, வீட்டுக்குக் கொடுத்துவிடமாட்டார். வெல்டிங் வெளிச்சம் பட்டு இரவில் கண் எரியும் தொழிலாளி, அந்தப் போத்தல் எங்காவது கிடைக்காதா என்று தேடுவது இயல்பு. தேடக்கூடாது.

சுணை பட்ட கண்ணை வன்னியில் சிலர் தாய்ப்பாலாலும் நந்தியாவட்டைப் பூச்சாற்றாலும் ஆற்றப் பார்ப்பார்கள். பயிரிலிருந்து வந்த கீறலில் பூஞ்சணம் பற்றினால் அது மெதுவாகப் பரவும், சாதாரண துளிகளுக்கு அடங்காது. மேலே எதை விட்டாலும் கிருமி கூடச் சேரத்தான் வாய்ப்பு. பழைய போத்தலில் மிஞ்சிய ஸ்ரீரோயிட் துளியும் பூஞ்சணத்தை வளர்க்கும். கண்ணில் பூச்சிமருந்து தெறித்தால் உடனே சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும், பிறகு வைத்தியசாலைக்கு. சுணை என்றால் கசக்காமல் நேரே வைத்தியசாலைக்கு.

கோலர் 1944 மார்ச் 21ஆம் திகதி நியூயோர்க்கில் காலமானார். வயது 86. அவர் விட்டுப்போன துளியின் பலன் கால் மணி நேரமளவுதான் நிற்கும். துரும்பை எடுக்கவும் புண்ணைப் பார்க்கவும் வைத்தியருக்கு அந்த நேரம் போதும். அதன்பின் நோவு திரும்பி வரும். கண்ணைக் காக்க அது வரத்தான் வேண்டும்.