சந்திரபாபு: விழுந்து விழுந்து சிரிக்கவைத்தவர் சறுக்கியது எங்கே?

'உள்ளத்தை அள்ளித்தா' பார்த்துச் சிரிக்காதவங்க ரொம்பக் குறைவு. அந்தக் கதைக்கு விதை போட்ட படம், 1958-ல் வெளியான 'சபாஷ் மீனா'. அதில் சிவாஜியின் நண்பராகவும் ரிக்‌ஷாக்காரராகவும் இரட்டை வேடத்தில் கலக்கியவர்தான் ஜே.பி. சந்திரபாபு.

1927-ல் தூத்துக்குடியில் பிறந்தவர். அப்பா சுதந்திரப் போராட்ட வீரர். பள்ளிப்படிப்பு கொழும்பில். 1947-ல் 'தன அமராவதி' படத்தில் அறிமுகமானாலும், அடுத்தடுத்த வாய்ப்புக்கு அல்லாட வேண்டியிருந்தது. விரக்தியின் உச்சத்தில், 1952-ல் ஜெமினி ஸ்டுடியோவிலேயே உயிரை விடத் துணிந்தார். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். அதே ஆண்டு ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் நடித்தார்.

அப்படி என்ன ஸ்பெஷல்? வசன காமெடி கொடிகட்டிப் பறந்த காலத்தில், உடம்பையே காமெடியாக்கினார். தடாலென விழுவார், துள்ளி எழுவார், மேற்கத்திய பாணியில் வளைந்து நெளிந்து ஆடுவார். குரலை உடைத்துப் பாடும் 'யோடலிங்' பாணியையும் தமிழ்ப் பாட்டில் பிரபலமாக்கினார். 'கவலை இல்லாத மனிதன்' (1960) படத்தில் ஹீரோவாகவும் ஆனார்.

சறுக்கல் கேமராவுக்குப் பின்னால்தான் வந்தது. எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியிலேயே நின்றுபோனது. கடன் கழுத்தை நெரித்தது; ஆசையாகக் கட்டிய வீடும் கைவிட்டுப் போனது. 1966-ல் அவர் இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' படமும் கைகொடுக்கவில்லை. கூடவே குடிப்பழக்கம் வேறு.

1969-ல் எம்.ஜி.ஆரின் 'அடிமைப் பெண்'ணில் மீண்டும் தோன்றினார். ஆனால் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை. 1974 மார்ச் 8-ல் இறந்தபோது வயது 46தான். சொந்தக் காசைப் போட்டுப் படமெடுக்கும் நடிகர்களுக்கு, கோடம்பாக்கத்தில் இன்றைக்கும் சொல்லப்படும் பாடம் அவர் வாழ்க்கை.