யார் இந்த அர்காதி கைதார்? ஒரே கதையால் சோவியத் சிறுவர்களைத் தொண்டர் படையாக மாற்றியவர்!

ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வந்து தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போகிறார்கள். விறகு தானாக அடுக்கி இருக்கிறது. தொலைந்துபோன ஆடு திரும்பி வருகிறது. செய்தது யார்? பெரியவங்க யாருக்கும் தெரியாது!

ரஷ்ய எழுத்தாளர் அர்காதி கைதார் 1940-ல் எழுதிய 'தீமூரும் அவன் குழுவும்' நாவலில் வரும் காட்சிகள் இவை. அதே ஆண்டு இது சினிமாவாகவும் வந்தது.

யார் இவர்?

இயற்பெயர் அர்காதி கோலிகோவ். 1904-ல் ல்கோவ் என்ற ஊரில் பிறந்து, அர்ஸமாஸ் நகரில் வளர்ந்தார். பள்ளி ஆசிரியரான அப்பா முதல் உலகப் போருக்குப் போனார். கைதாரும் 14 வயதிலேயே செஞ்சேனையில் சேர்ந்துவிட்டார். 17 வயதில் ஒரு படைப்பிரிவுக்கே தளபதி!

ஆனால், இன்னொரு பக்கமும் உண்டு. 1922-ல் சைபீரியாவின் ககாசியா பகுதியில் கிளர்ச்சியாளர்களை வேட்டையாடியபோது, விசாரணையே இல்லாமல் ஆட்களைச் சுட்டதாக அவர் மீது புகார் எழுந்தது. பொறுப்பும் பறிபோனது. நரம்புப் பாதிப்பால் 1924-ல் ராணுவத்தை விட்டே வெளியேறினார். அதன்பிறகு முழுநேர எழுத்தாளர் ஆனார்.

கதையில் என்ன ஸ்பெஷல்?

தீமூரும் அவன் நண்பர்களும் ராணுவ வீரர்களின் வீட்டு வாசலில் சிவப்பு நட்சத்திரம் வரைகிறார்கள். அந்த வீட்டுக்கு என்ன உதவி தேவையோ, அதைச் சத்தமில்லாமல் செய்கிறார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, பாராட்டையும் எதிர்பார்க்கவில்லை. 'நாம ஒரு குழு' என்ற உணர்வு மட்டும்தான்.

அப்புறம் என்னாச்சு?

நாடு முழுக்க நிஜமாகவே 'தீமூர் குழுக்கள்' முளைத்தன. இரண்டாம் உலகப் போரில் பழைய இரும்பு சேகரிப்பது, காயம்பட்ட வீரர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது எனப் பசங்க கலக்கினார்கள். ஆனால், போகப்போக பள்ளிகளும் பயோனியர் அமைப்பும் இதைக் கையில் எடுத்தன. ரகசிய உதவி, திட்டம் போட்டுக் கணக்குக் காட்டும் வேலையாகவும் மாறியது. உத்தரவு வந்த பிறகு அது தீமூரின் குழுதானா? இந்தக் கேள்வி இன்றும் மிச்சமிருக்கிறது.

இதையெல்லாம் முழுமையாகப் பார்க்க கைதார் இல்லை. போர்ச் செய்தியாளராகப் போனவர், முற்றுகையில் சிக்கி கெரில்லாப் படையோடு சேர்ந்தார். 1941 அக்டோபர் 26-ல் உக்ரைனின் லெப்லியாவா கிராமம் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 37.

சோவியத் ஒன்றியமே மறைந்துவிட்டது. ஆனால், கேட்காமலேயே ஓடிவந்து உதவுபவரை ரஷ்யர்கள் இன்றும் 'தீமூரவெத்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். அதாவது, தீமூரின் ஆள்!