பார்வை இல்லாமல் குழலை மேடையேற்றியவர்

வேலும் மயிலும் துணை.

சுவாமிமலைக்குப் போறப்போ கும்பகோணத்துல இறங்குவோம் இல்லையா? அந்த ஊர்ல வாழ்ந்த சரப சாஸ்திரிகளைப் பத்தித்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

1872-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே பார்வை போயிடுச்சு. பாடத்தை எல்லாம் காதால் கேட்டே மனசில் பதிய வைத்தார். அப்போ கர்நாடக இசையில் புல்லாங்குழலுக்குத் தனிக் கச்சேரி என்ற மதிப்பு இல்லை. மூங்கில் குழலில் கமகம் கொண்டுவர விரலும் மூச்சும் ஒன்றாக அசையணும். அதைச் சாதித்து, குழலைக் கச்சேரியின் நடுநாயகமாக உட்கார வைத்தவர் இவர்தான்.

தன்னோடு வித்தையை முடித்துக்கொள்ளவும் இல்லை. பல்லடம் சஞ்சீவ ராவுக்குக் குழல் சொல்லிக் கொடுத்தார். ஊரே கூடிக் கேட்கும் ஹரிகதைக்கு மாங்குடி சிதம்பர பாகவதரைத் தயார் செய்தார்.

1904-ல் மறைந்தபோது வயசு வெறும் 32. ஆனா சஞ்சீவ ராவ் அதன்பிறகு பல வருஷம் அந்தக் குழலிசையைக் கொண்டுபோனார்.

நானும் ஆறு மாசம் குழல் கத்துக்கிட்டு, நேரமில்லைன்னு பரண்மேல போட்டவன்தான். இதைப் படிச்ச அன்னைக்கு எடுத்துத் துடைச்சேன். இன்னும் ‘ச’வே சரியா வரல. விடப் போறதில்லை.

முருகா சரணம்!