குரங்குகள் செத்து விழுந்த காடு



மலருக்கு ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதலாம் என்றதும் ஆளாளுக்கு ராமன், அப்துல் கலாம் என்று பிடித்துக்கொண்டார்கள். நான் பிடித்தது டாக்டர் டெல்போர்டு ஒர்க் என்ற அமெரிக்கரை. பேரே பாதி ஒர்க்‌ஷாப்பா இருக்கேடா என்று ரூம்மேட் சிரித்தான்.

1921-இல் பிறந்த இவர் படித்தது டாக்டருக்கு. ஆசையெல்லாம் பறவைகள் மேல். எகிப்தில் வெஸ்ட் நைல் வைரஸை ஆராய்ந்துவிட்டு, 1950-களில் புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்துக்கு வந்து அதன் இயக்குநரானார். வேலூர்ப் பக்கம் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன மூளைக்காய்ச்சல் ஜப்பானிய வகைதான் என்று 1955 வாக்கில் தெரிய வந்ததில் அந்த மையத்துக்கும் பங்கு உண்டு.

பெரிய சோதனை 1957-இல் வந்தது. கர்நாடகத்தில் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் மந்தியும் நாட்டுக்குரங்கும் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. அடுத்து, காட்டை ஒட்டிய ஊர்களில் ஜனங்களுக்குக் கடுங்காய்ச்சல், சிலருக்கு ரத்தக்கசிவு. புனே குழுவுக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் தென் அமெரிக்கக் காடுகளில் மஞ்சள் காய்ச்சல் வருகிறபோதும் முதலில் சாவது குரங்குதான். ஆசியாவில் அது இல்லவே இல்லை. அதைப் பரப்பும் கொசு மட்டும் நம்ம வீட்டுத் தொட்டியிலேயே வளர்கிறது. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

ஒர்க்கும் அவர் கூட்டாளிகளும் காட்டுக்கே போனார்கள். குரங்கிலிருந்தும் நோயாளிகளிடமிருந்தும் வைரஸைப் பிரித்துப் பார்த்தால், மஞ்சள் காய்ச்சல் இல்லை. ரஷ்யக் காடுகளில் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு அது பங்காளி. உலகத்துக்கே புது வைரஸ்! அந்தக் காட்டின் பேரையே வைத்தார்கள். அதைச் சுமப்பது கொசு இல்லை, உண்ணி. அதுவும் பொடி உண்ணி, கண்ணுக்குச் சட்டென்று படாது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போகிறவர்களைத்தான் அது கடித்தது. லேபில் வேலை பார்த்தவர்களிலேயே பலர் அந்தக் காய்ச்சலில் படுத்தார்கள்.

பின்னால் வந்த பாஷெல் என்ற கொலம்பியா நாட்டு ஆராய்ச்சியாளர் இன்னொன்றையும் சொன்னார். காட்டை வெட்டி ஊரும் வயலும் பெருகி, மாடுகள் காட்டோரம் மேயப் போனதும், வளர்ந்த உண்ணிக்கு நல்ல தீனி கிடைத்துப் பல்கிவிட்டதாம். மாடு சாவதில்லை, மனுஷன்தான் மாட்டிக்கொள்கிறான். மலைமாடு மேய்க்கிற நம்ம கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இது உறைக்கும்.

ஒர்க் 1958-இல் புனேயை விட்டுப் போனார். பிற்பாடு கலிபோர்னியாவில் பேராசிரியர். 1995-இல் காலமானார். அவர் கண்ட வைரஸ் சாகவில்லை. 2012-13-இல் நீலகிரி முதுமலைக் குரங்குகளிடமும் வயநாட்டிலும் தென்பட்டது. காய்ச்சல் கண்டவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள். தனி மருந்து இன்னும் இல்லை.

முதுமலையும் மேகமலையும் ஒரே மலைத்தொடர்தானே! எங்கம்மா விடியக்காலை ஜீப்பேறி வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். அட்டைக்கு உப்பும் புகையிலையும் கொண்டு போவார், உண்ணியைக் கண்டுகொள்ள மாட்டார். இதைப் படித்த பிறகு, சாயங்காலம் வந்ததும் முதலில் சேலையை உதறி, கணுக்காலையும் முழங்கால் மடிப்பையும் பார்க்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.