முந்தி வந்த மனிதர் லிலியன்ஃபெல்ட்



டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர் யார் என்று வைவாவில் கேட்டால், பார்டீன், பிராட்டெய்ன், ஷாக்லி என்று நாம எல்லாரும் மூச்சு விடாமல் சொல்லிவிடுவோம். 1947, பெல் ஆய்வுக்கூடம், 1956-ல் நோபல் பரிசு. பதில் சரிதான். ஆனால், நம் செல்போனின் ஓ.எல்.இ.டி. திரைக்குள் லட்சக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் டிரான்சிஸ்டர் அவர்கள் அன்று செய்து காட்டிய வகை அல்ல. அது ஃபெட் வகை. 1947-க்கு 22 வருஷம் முன்பே அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போட்ட ஒருவர் இருந்தார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஜூலியஸ் எட்கர் லிலியன்ஃபெல்ட் 1882 ஏப்ரல் 18-ல் லெம்பர்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரியா-ஹங்கேரி; இன்று உக்ரைனின் லிவிவ். பெர்லினில் படித்து 1905-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். எக்ஸ்ரே குழாயில் உழைத்தார். ஹைட்ரஜனைத் திரவமாக்கும் வேலையும் செய்தார். 1920-களில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

1925 அக்டோபர் 22-ல் கனடாவிலும், அடுத்த வருஷம் அமெரிக்காவிலும் விண்ணப்பித்தார். 1930 ஜனவரி 28-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எண் 1,745,175. விஷயம் எளிமையானது. கண்ணாடி மேல் மெல்லிய தாமிர சல்ஃபைடு படலம். இரண்டு பக்கமும் மின்முனைகள். நடுவில் அலுமினியத்தால் மூன்றாவது முனை. அதில் கொடுக்கும் வோல்டேஜை மாற்றினால் படலத்தில் ஓடும் கரண்ட் மாற வேண்டும். நம்ம லேப்புல பி.எஃப்.டபிள்யூ.10 வைத்து, கேட் வோல்டேஜை மாற்றி டிரெயின் கரண்டை கிராஃப் போடுறோமே, மின்புலத்தால் கரண்டை அடக்கும் அதே தத்துவம்தான்!

ஆனால் அந்தக் காகிதத்திலிருந்து ஒரு பொருளும் சந்தைக்கு வரவில்லை. யோசனை தப்பில்லை. அன்று சுத்தமான குறைகடத்தி கிடையாது. படலத்தின் மேற்பரப்பிலுள்ள குறைகள் எலெக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கேட்டின் மின்புலம் உள்ளே எட்டாது. பெல் ஆய்வுக்கூடமும் முதலில் இதே சுவரில்தான் முட்டிக்கொண்டது. ஃபெட் தத்துவத்துக்கு அவர்கள் காப்புரிமை கேட்கப் போனபோது லிலியன்ஃபெல்ட்டின் பழைய காப்புரிமைகள் குறுக்கே நின்றன!

அவர் சும்மா உட்காரவில்லை. மாசசூசெட்ஸில் எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் ஆராய்ச்சியில் இறங்கினார். 1935-ல் கரீபியன் கடலில் உள்ள செயின்ட் தாமஸ் தீவில் குடியேறினார். 1959-ல் அட்டாலாவும் காங்கும் சிலிக்கான் மேல் சுத்தமான ஆக்சைடு வளர்த்து மாஸ்ஃபெட்டை ஓட்டிக் காட்டினார்கள். 1962-ல் ஆர்.சி.ஏ.வின் வைமர், கண்ணாடி மேல் மெல்லிய படல டிரான்சிஸ்டர் செய்தார். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 28-ல், 81-ஆவது வயதில் லிலியன்ஃபெல்ட் காலமானார்.

இப்போது ஒரு ஓ.எல்.இ.டி. புள்ளிக்குள் எட்டிப் பார்ப்போம். எளிய சர்க்யூட்டில் இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர். முதல் டிரான்சிஸ்டர் சுவிட்ச். 1080 வரி, நொடிக்கு 60 படம் என்றால், ஒரு வரிக்குக் கிடைப்பது சுமார் 15 மைக்ரோ செகண்ட். அதற்குள் வோல்டேஜை கெபாசிட்டரில் ஏற்றிவிட வேண்டும். அடுத்த படம் வரும்வரை கெபாசிட்டர் அதைப் பிடித்து வைக்கும். அந்த வோல்டேஜுக்கு ஏற்ப இரண்டாவது டிரான்சிஸ்டர் டையோடுக்குக் கரண்ட் விடும். கரண்டுக்கு ஏற்ப வெளிச்சம்.

சிக்கல் எங்கே? கேட் வோல்டேஜிலிருந்து திரெஷோல்டு வோல்டேஜைக் கழித்து, வருவதை வர்க்கம் பண்ணினால், அதன் விகிதத்தில்தான் கரண்ட். பக்கத்துப் பக்கத்து டிரான்சிஸ்டர்களில் திரெஷோல்டு கொஞ்சம் மாறினாலும் திரை திட்டுத் திட்டாகத் தெரியும். ஃபுல் எச்.டி. திரையில் சிவப்பு, பச்சை, நீலம் சேர்த்து 62 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். எல்லாம் ஒரே மாதிரி அமையுமா? அதனால் ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் திரெஷோல்டையும் முதலில் கெபாசிட்டரிலேயே பதிந்து, அதன் மேல் பட வோல்டேஜைச் சேர்க்கிறார்கள். கணக்கில் திரெஷோல்டு அடிபட்டுப் போகும். இதற்காகவே செல்போன் திரைகளில் ஒரு புள்ளிக்கு ஏழு டிரான்சிஸ்டர் வரை வைக்கிறார்கள். லிலியன்ஃபெல்ட்டைத் தோற்கடித்த அதே எதிரி, படலத்தின் குறை, இன்னும் முழுசா சாகவில்லை!

டிப்ளமோ என்றால் யோசனை வேறு யாருக்கோ, கைவேலை நமக்கு என்று நம்மில் பலருக்கு ஒரு மனக்குறை. எனக்கும் உண்டு. இவர் கதை படித்த பிறகு அது குறைந்தது. அவரிடம் யோசனை முழுசாக இருந்தது. இல்லாமல் போனது சுத்தமான பொருளும், அதைச் சுத்தமாகச் செய்யும் தொழில்முறையும். அது வந்து சேர 34 வருஷம் ஆச்சு. நாளை நம்மில் யாராவது தொழிற்சாலையில் படலத்தின் தடிமனை அளந்துகொண்டு நின்றால், அது சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். அந்த வேலைக்கு ஆள் இல்லாமல்தான் ஒரு பெரிய கண்டுபிடிப்பு அத்தனை வருஷம் காகிதத்திலேயே கிடந்தது.

அடுத்த வைவாவில் அந்த மூன்று பேரோடு நாலாவதாக லிலியன்ஃபெல்ட் பெயரையும் சொல்லுங்கள். மார்க் கிடைக்குதோ இல்லையோ, நியாயம் கிடைக்கும்!