தங்கத் தாத்தா தந்த பாட்டு

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 1878ஆம் ஆண்டு நவாலியிலே பிறந்தார். வட்டுக்கோட்டையில் நாற்பது ஆண்டளவு ஆசிரியராக இருந்தார். பதிகங்களும் பிரபந்தங்களும் பல பாடினார். பனையின் பெருமையைத் 'தால விலாசம்' என்று தனி நூலாக்கினார். ஆயினும், ஈழத்துப் பிள்ளைகள் அவரைத் தங்கத் தாத்தா என்று கொண்டாடியது தங்களுக்கென அவர் பாடிய எளிய பாட்டுகளுக்காகவே.

ஆத்திசூடியோடு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கத்தரித் தோட்டத்து வெருளியையும் எலியையும் சேவலையும் பாட்டாக்கிக் கொடுத்தார். ஆடிப்பிறப்புப் பாட்டிலே பாடசாலை விடுதலையும் பனங்கட்டிக் கூழும் கொழுக்கட்டையும் வரும், பாடும்போதே வாயூறும். திரும்பத் திரும்ப வரும் அடியிலே, தனித்துப் பாடக் கூச்சப்படும் பிள்ளையும் துணிந்து சேர்ந்துகொள்வாள். குழுப்பாட்டுக்கு வேறென்ன வேண்டும்?

புலவர் 1953இல் மறைந்தார். பின்னர் போர் நம்மைத் திசைதிசையாய்ச் சிதறடித்தது. அவர் பிறந்த நவாலியே 1995 யூலையில் குண்டுவீச்சில் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பறிகொடுத்தது. அழுவதற்குரிய பாட்டு நமக்குக் குறைவில்லை. அதனாலேதான், நம் பாடசாலையிலும் கடல் கடந்த தமிழ்ப் பள்ளிகளிலும் பிள்ளைகளின் பாடற்குழுவுக்குப் பாட்டுத் தெரிவு செய்யும் சகோதரிகளை வேண்டுகிறோம்: சிரித்துப் பாடும் பாட்டை இலேசானதென்று ஒதுக்கிவிடாதீர்கள். பனையைக் கண்டிராத பேத்திக்கும் கூழின் வாசம் அந்தப் பாட்டிலே கிடைக்கும். ஊரென்றால் துயரம் மட்டுமல்ல என்பதை அவள் பாடியே அறிந்துகொள்ளட்டும்.